விழுவதற்காகக் கட்டிய சுவர்

முகைதீன்பாவா ஸலாம் சொல்வது வீட்டுக்காரருக்கு. நலம் விசாரிப்பது சுவரிடம். வாசலில் செருப்பைக் கழற்றியதும் வலது கை நடுவிரலை மடக்கி, முன்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு தட்டு, கை எட்டும் உயரத்தில் ஒரு தட்டு. காதைக் கொடுத்துக் கேட்பார். "இது ஆர் கட்டின?" என்று கேட்டால் சுவர் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் பேசாமல் உதட்டைப் பிதுக்கினாரானால் வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தேநீர் இறங்காது. எங்கள் சமையலறைச் சுவரைத் தட்டிவிட்டு, "பரவாயில்ல சேர். ஆனா இதில ஆணி அடிக்காதீங்க" என்றார். அது நடந்து ஆறு வருடம். எங்கள் வீட்டு நாட்காட்டி இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் படுத்துக் கிடக்கிறது.

தட்டி முடிந்ததும் கதிரையை இழுத்து அறையின் நட்டநடுவில் போட்டு உட்காருவார். சுவரில் சாய மாட்டார். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர் எந்தச் சுவரிலும் முதுகு வைத்து நான் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்துக்கு முன்னால் அவர் வயதுக்காரர் எல்லாரும் தூணையும் சுவரையும் பிடித்துக்கொள்ள, அறுபத்திரண்டு வயதில், தேய்ந்துபோன இடுப்போடு, இவர் மட்டும் பள்ளிவாசலின் நடுவில் கம்பு மாதிரி இருப்பார். கல்யாண வீட்டில் சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்காரும்போது சுவர்ப் பக்கத்தை யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடுவார். வீட்டிலும் பாயை அறை நடுவில்தான் விரிப்பார் என்று அவருடைய மனைவி றாஹிலா தாத்தா (தாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா) சொல்லியிருக்கிறார். கட்டுகிறவனுக்குத் தான் கட்டியதில் நம்பிக்கை இல்லையாக்கும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். நானும் பண்ணியிருக்கிறேன்.

ஊரில் அவருக்குப் பெயர் பாவா மேசன். மெலிந்த உடம்பு, கட்டைச் சாரன், நகக்கண்ணில் எப்போதும் காய்ந்த சீமெந்து. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியோடு சேர்ந்து தூக்குக்குண்டும் கிடக்கும். குனிந்தால் நெஞ்சில் இடிக்கும். நிந்தவூரில் பாதி வீடுகளில் அவர் கை பட்டிருக்கிறது. மண் வந்து இறங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். ஆற்று மண் என்று சொல்லிக் கடல் மண்ணைக் கலந்து தருகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்; அந்த உப்பு சுவரை உள்ளே இருந்து தின்றுவிடும். "உப்பு இரிக்கி. கொண்டு போங்க" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. நோன்பு மாதத்தில் ருசி பார்க்க முடியாது என்பதற்காகப் பெருநாள் முடியும்வரை புது மண் எடுக்காத மேசன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது படத்தின் விமர்சனத்தைத்தான். நம்முடைய கரையில் எடுத்த படமாயிற்றே, நீங்களே எழுதுங்கள் என்றார். இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாம் தரம் பார்த்தது என் பிழை. எழுத உட்கார்ந்தால் கொட்டாவிதான் வருகிறது. அதனால் பாவா மேசனைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் அதற்குள் வந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன், மாரி தொடங்கச் சற்று முன்னால், ஒரு வெளிநாட்டுப் படக்குழு நிந்தவூர்க் கடற்கரையில் வந்து இறங்கியது. உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதையாம். கடல் எழும்பி நாடுகளை விழுங்கிவிட்டது. மிஞ்சிய ஒருவன், இந்த வெயிலிலும் தோல் மேலங்கி போட்டவன், ஒரு பெட்டி விதைநெல்லையும் ஒன்பது வயதுச் சிறுமியையும் காப்பாற்றிக்கொண்டு காய்ந்த மண்ணைத் தேடிப் போகிறான். லொறி லொறியாகச் சாமான் வந்தது. குளிரூட்டிய கூடாரங்கள் வந்தன. உலகத்தின் அழிவைக் காட்ட இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு, அழிவை ஒரு தரம் பார்த்து முடித்த ஊர் இது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொன்னதால்தான் வந்தார்களோ என்னவோ.

ஊரில் இருநூறு பேருக்குக் கந்தல் உடுத்திக் கரி பூசினார்கள். சுனாமி முகாமில்கூட இதைவிட நல்ல உடுப்புக் கிடைத்தது என்றார் றாஹிலா தாத்தா. நாவிதன்வெளியிலிருந்து உழவு இயந்திரத்தோடு வேலைக்கு வந்த சீனித்தம்பி அண்ணர், நாற்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த நெல் முளைக்காது என்று இயக்குநரிடம் எடுத்துச் சொல்லும்படி மூன்று நாளாக மொழிபெயர்ப்பாளனைத் துரத்தினார். மொழிபெயர்ப்பாளன் பிரசாந், கல்முனைப் பிள்ளை, என்னிடம் படித்தவன். அவன் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவர்களுக்கு ஒரு மேசன் வேண்டியிருந்தது. இடிந்த வீடு ஒன்றைக் கட்டித் தர வேண்டும். பிரசாந் போய்ப் பாவா மேசனிடம் கேட்டபோது அவருக்கு அது விளங்கவே இல்லையாம். இடிந்த வீட்டை எப்படிக் கட்டுவது? கடைசியில் தன் வழியிலேயே செய்தார். தூக்குக்குண்டு பிடித்து, மட்டம் வைத்து, மூன்று சுவர்களை ஒழுங்காக எழுப்பினார். தண்ணீர் ஊற்றி மூன்று நாள் காயவிட்டார். பிறகு உளி எடுத்து ஒவ்வொன்றாக உடைத்தார். எந்த மூலை முதலில் போகும், யன்னலுக்கு மேலே வெடிப்பு எந்தப் பக்கம் ஓடும், தண்ணீர் நின்று வடிந்த அடையாளம் எந்த உயரத்தில் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கலை இயக்குநர் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாராம். இவர் இதை எங்கே படித்தார் என்று பிரசாந்திடம் கேட்டாராம்.

நாலாவது சுவர் வேறு மாதிரி. கடலைப் பார்த்த சுவர். படத்தின் உச்சக் கட்டத்தில் மறுபடியும் அலை வரும், சிறுமி அந்தச் சுவருக்குக் கீழால் ஓடுவாள், அவள் கடந்த அடுத்த நொடி சுவர் விழும். ஆகவே கல்லைக் களிமண்ணில் அடுக்கி, மேலே மெல்லியதாகப் பூசினால் போதும் என்றார்கள். பின்னால் இரும்பு வடம் கட்டி இழுத்து விழுத்துவார்கள்.

அந்த நாளைப் பார்க்க நானும் போயிருந்தேன். இருநூறு பேரும் கந்தலோடு நின்றார்கள். இயக்குநர் கத்தினார். சிறுமி ஓடினாள். வடம் இறுகியது. சுவர் நின்றது. மறுபடியும் சிறுமி ஓடினாள், மறுபடியும் சுவர் நின்றது. மூன்றாம் தரம் வடத்தின் கொக்கி தெறித்து ஒரு விளக்கை உடைத்தது. பிறகு சீனித்தம்பி அண்ணரின் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள். அதன் முன்சில்லுகள் இரண்டும் ஒரு முழம் மேலே எழும்பின, சுவர் அசையவில்லை. கரி பூசிய சனம் எல்லாம் கைதட்டியது. இயக்குநர் மணலில் உட்கார்ந்துவிட்டார். பின்னேரம் கறுத்துக்கொண்டு வந்த மழை பதினொரு நாள் விடவில்லை. படக்குழு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. சுவரைக் கணினியில் விழுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்களாம்.

அன்றையிலிருந்து அது ஊர்க் கதையாகிவிட்டது. பாவா மேசனுக்குப் பிழையாகக் கட்டத் தெரியாது. களிமண் என்று சொன்னாலும் கை தானாகச் சீமெந்தை எடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும், இரண்டு கல்யாண வீடுகளிலும், சாவு விழுந்த ஒரு மையித்து வீட்டிலும்கூட நான் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். உழவு இயந்திரம் எழும்பிய இடத்தில் கையை உயர்த்திக் காட்டுவேன். பாவா மேசன் பக்கத்தில் இருந்தாலும் தலையைக் குனிந்துகொள்வார், மறுக்க மாட்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

படம் இந்த வருடம்தான் வெளிவந்தது. இரண்டு மணி நாற்பது நிமிடம். உலகத்தில் ஒரு இடத்திலும் ஓடவில்லை. ஓடாததில் ஆச்சரியமில்லை. தோல் மேலங்கிக்காரன் நடக்கிறான், பார்க்கிறான், பெருமூச்சு விடுகிறான், மறுபடி நடக்கிறான். அழிந்துபோன உலகத்தில் ஒருவருக்கும் பசிப்பதில்லை, தன் ஆட்களைத் தேடி ஒருவரும் அலைவதில்லை. நம் ஊர் இருநூறு பேரும் தூரத்தில் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். தங்களைத் தேடித் தேடிப் பலருக்குக் கண் வலி வந்ததுதான் மிச்சம். கணினியில் விழுந்த சுவரைக் கண்டு உலகமே சிரித்ததாகப் பிரசாந் சொன்னான். அட்டைப் பெட்டி மாதிரி மடிகிறது. நிந்தவூர்த் தேநீர்க் கடையில் முடிவே கட்டிவிட்டார்கள்: இவ்வளவு பெரிய படத்தைக் கவிழ்த்தது பாவா மேசன்ட சுவர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகையை முடித்துவிட்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். சுவரைத் தட்டினார். கதிரையை நடுவில் போட்டார். தேநீர் வந்தது, குடிக்கவில்லை. படம் பார்க்கிற ஆளே இல்லை அவர். வீட்டில் தொலைக்காட்சிகூடக் கிடையாது. சுற்றி வளைத்துச் செய்திக்கு வந்தார்.

"சேர், அந்தப் படம் உங்கட்ட இரிக்காம். கடைசித் துண்ட மட்டும் ஒருக்காக் காட்டுவீங்களா? அந்தப் புள்ள அங்கால போச்சா எண்டு பாக்கணும்."

பகிடியாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை எடுத்து வந்தேன்.

கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். அலை எழும்பியது, பளிங்கு மாதிரி நீலமாக. "இப்பிடி வராது. அது கறுப்பு" என்று மட்டும் முணுமுணுத்தார். அவருடைய மூன்று சுவர்களும் வந்தன. அந்த ஒரு இடத்தில் படம் உண்மையாக இருந்ததை நானே அப்போதுதான் கவனித்தேன். சிறுமி ஓடினாள். நாலாவது சுவர் கோணியது, மடிந்தது, விழுந்தது. தூசி திரையை மூடியது. தோல் மேலங்கிக்காரன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். திரை கறுத்தது. எழுத்துகள் ஓடத் தொடங்கின.

அவர் காத்திருந்தார். எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"மறுகா?"

"அவ்வளவுதான் பாவா காக்கா."

"புள்ள?"

இரண்டாம் பாகத்தில் சொல்வதாக இருந்தார்கள் என்று விளக்கினேன். இரண்டாம் பாகம் எப்ப வரும் என்று கேட்டார். வராது என்றேன். படம் தோற்றுவிட்டது, இனி யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை தப்பியதா இல்லையா என்பது எடுத்தவர்களுக்கே தெரியாமல் போய்விட்டது. இதைச் சொல்லும்போது எனக்கே அந்தப் படத்தின் மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. அதுவரை அலுப்புத்தான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு சொன்னார். கை தானாகச் சீமெந்தை எடுக்கவில்லை. தெரிந்துதான் செய்தார்.

ஒத்திகை மூன்று நாள் நடந்ததாம். அந்தச் சிறுமி ஓடிவிட்டு வந்து, இவர் கலவை போடுகிற இடத்தில் குந்திக்கொண்டு பார்க்குமாம். பாஷை தெரியாது. தள்ளி நில்லு மகள் என்பாராம், அது சிரிக்குமாம். பிரசாந்திடம் போய், சுவர் விழும்போது பிள்ளை கிட்ட நிற்குமா என்று கேட்டிருக்கிறார். எல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகுதான், படக்காரர் பத்து மணிக்கு வருமுன், அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு நேரே கடற்கரைக்குப் போய் இரண்டு விடியலில் அந்தச் சுவரை எழுப்பியிருக்கிறார். ருசி பார்த்த ஆற்று மண், ஒரு பங்கு சீமெந்துக்கு நாலு பங்கு மண் கலவை, உள்ளே பன்னிரண்டு மில்லிமீற்றர் இரும்புக் கம்பி, மேலே அவர்கள் கேட்ட அதே மெல்லிய பூச்சு. படம் பிடிக்கும் நாளுக்குள் அது இறுகிவிட்டது. படக்காரரின் சீமெந்தைத் தொடவில்லை, அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். தன் வீட்டுச் சமையலறைக் குசினிக்குத் தரை போட வைத்திருந்த சீமெந்துப் பைகளைக் கொண்டுபோனார். பைகளைக் காணவில்லை என்று றாஹிலா தாத்தாவுக்குத் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லையாம்.

"புள்ளைக்கு ஒண்டும் ஆகாது எண்டாங்க. அப்பிடித்தான் சேர் நானும் சொன்னன்."

எங்கள் கரையில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பா அன்றைக்கே வீடு கட்டத் தொடங்கிவிடுவார். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு அவளுக்கு. மேசன் மகளுக்கு வீடு இல்லாமல் போகலாமா? பாவா மேசன் தன் வீட்டோடு சேர்த்து, மகள் பஸ்மினாவுக்காக இரண்டு வருடத்துக்கு ஒரு சுவராகக் கட்டி வந்தார். அவள் அதற்குள் தேங்காய்ச் சிரட்டையில் சோறாக்கி விளையாடுவாள். வாப்பா உள்ளே வந்தால் இது என்ட ஊடு, தட்டிப்போட்டு வாங்க என்பாளாம். முன்சுவரும் பக்கச் சுவர்களும் ஆற்று மண். பின்சுவருக்கு வந்தபோது கைவசம் மண் இல்லை. கடல் மண்ணைப் போட்டார். அவளுக்கு ஒன்பது வயதுதானே, கல்யாணத்துக்கு முன்னால் உடைத்துத் திருத்திக் கட்டலாம் என்று எண்ணம்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வருகிறது என்று சனம் கத்திக்கொண்டு ஓடியபோது, நடக்க முடியாத மாமியாரைத் தூக்க அவர் திரும்ப வேண்டியிருந்தது. மகளுக்குக் கட்டிய பகுதி உயரமானது, புதியது. உன்ட ஊட்டுக்குள்ள நில்லு, ஒண்டும் ஆகாது, வாப்பா வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் அவளைக் கொண்டுபோகவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு மூன்று சுவர்கள் நெஞ்சு உயரத்துக்கு நின்றன. பின்சுவர் மட்டும் உள்பக்கமாக விழுந்து கிடந்தது. அதன் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தது இவர்தான். எடுக்கும்போது கலவை கையில் மாவாக உதிர்ந்ததாம்.

எல்லாருடைய வீடும் போன நாள் அது, உங்கள் சுவர் மட்டும் என்ன செய்யும் என்று ஊர் ஆறுதல் சொல்லியிருக்கிறது. நானும் அதையேதான் சொன்னேன்.

"மூணு சுவர் நிண்டது சேர்" என்றார்.

ஒப்புக்கொண்ட வேலையைச் சொன்னபடி செய்யாதது பிழைதான், அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்லத்தான் வேண்டும் என்றும் சொன்னார். படம் தோற்றதற்குத் தன் சுவர்தான் காரணமா என்று என்னைக் கேட்டார். அந்தப் படத்தைத் தோற்கடிக்க ஒரு சுவர் தேவைப்படவில்லை என்றேன். அவருக்கு அதில் திருப்தி இல்லை. ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கடற்கரை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார்.

போகும் வழியெல்லாம் நான் கல்யாண வீடுகளில் கையை உயர்த்திக் காட்டிய ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவு வந்துகொண்டிருந்தது. அவர் பின்னால் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

உடைத்த மூன்று சுவர்களும் இப்போது இல்லை. கல்லைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஊர் குசினி கட்டிவிட்டது. நாலாவதைப் பிடுங்கப் போனவர்கள் இரண்டு அலவாங்குக் கடப்பாரைகளை வளைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அது கடலைப் பார்த்துத் தனியாக நிற்கிறது. வடம் இறுகிய இடத்தில் பூச்சு மட்டும் ஒரு கோடாக உரிந்திருக்கிறது. அதன் நிழலில் மீனவர்கள் வலையையும் எண்ணெய்க் கலனையும் போட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்; பாவா மேசனைக் கண்டதும் எழும்பி இடம் விட்டார்.

செருப்பைக் கழற்றினார். முழங்கால் உயரத்தில் தட்டினார். நெஞ்சு உயரத்தில் தட்டினார். கையை உயர்த்தித் தட்டிவிட்டு அங்கேயே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"படத்தில என்னெண்டும் இரிக்கட்டும் சேர். அந்தப் புள்ள இதால போயிட்டு. நான் பாத்தன். நாலு தரம் போச்சி."

அவள் ஓடிய இடத்தைக் காட்டினார். வெறும் மணல், இரண்டு நண்டு வளைகள். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலை மெல்ல முன்னால் நகர்த்தி, முதலில் தோளை வைத்தார், பிறகு முதுகை, கடைசியில் தொப்பியோடு தலையையும் வைத்துக் கண்ணை மூடினார்.